கல்லூரி டீமைக் கலைத்தால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? என் மகளுக்கு ஆனதைச் சொல்கிறேன்

"அமெரிக்காவில் கூடைப்பந்து டீமையே கலைத்துவிட்ட கல்லூரிகள் உண்டா? அதில் விளையாடிய மாணவர்கள் என்ன ஆவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஹைஸ்கூல் கடைசி வருஷத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது, எந்தக் கல்லூரி கோச்சோ போனில் இனிக்க இனிக்கப் பேசியிருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உண்டு, பெரிய பெயர்களே உண்டு. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் பிற்பாடு பெரிய நட்சத்திரமான பில் ரசல் ஆடிய காலத்தில் 1955, 1956 இரண்டு வருஷமும் தேசிய சாம்பியன், தொடர்ந்து 60 ஆட்டம் ஜெயித்த டீம். 1982-இல் நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவர் செய்யாத வேலைக்குச் சம்பளம் வாங்கியது வெளியே வந்தது, அவர் மேல் ஒரு மாணவியைத் தாக்கிய வழக்கும் இருந்தது. அதற்கு முன்பே விதிமீறலுக்குத் தண்டனை வாங்கிய டீம் அது. போதும் என்று கல்லூரித் தலைவராக இருந்த பாதிரியார் லோ ஸ்கியாவோ டீமை மூடிவிட்டார். 1985-இல்தான் திரும்ப வந்தது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். காரணத்தை ஊரறியச் சொல்லி மூடினார்.

இப்போது நடப்பது அப்படி இல்லை. புரூக்ளினில் செயின்ட் பிரான்சிஸ் கல்லூரி, 1896-இலிருந்து ஆடிவந்த டீம், நியூயார்க் நகரத்திலேயே பழையது என்பார்கள். என்சிஏஏ (கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) நடத்துகிற தேசிய ஆண்கள் போட்டிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. 2015-இல் சொந்த அரங்கில் தங்கள் லீக்கின் இறுதி ஆட்டம், ஜெயித்தால் அந்தப் போட்டிக்குப் போகலாம், ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகத்திடம் மூன்று புள்ளியில் போனது. 2022-இல் கல்லூரி ரெம்சென் தெருவிலிருந்து லிவிங்ஸ்டன் தெருவுக்கு இடம் மாறியபோது புதுக் கட்டடத்தில் ஜிம் இல்லை, பிராட் கல்லூரியின் ஜிம்மில்தான் ஆடினார்கள். 2023 மார்ச்சில் எல்லா விளையாட்டு டீம்களையும் கலைப்பதாக அறிவிப்பு வந்தது. செலவு கூடிவிட்டது, மாணவர் சேர்க்கை ஏறவில்லை என்பது காரணம். ஜிம் முதலில் போனது, டீம் அப்புறம்தான் போனது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்களுக்கும் கண்ணெதிரே இதேபோல நடந்தது, எனக்குத்தான் புரியவில்லை.

என் மகள் பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரியில் என்சிஏஏ-வின் மூன்றாம் பிரிவு கூடைப்பந்து டீமில் பாயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். பெயர் சொல்ல மாட்டேன். "ஸ்காலர்ஷிப்புக்காகத்தானே அனுப்பினீர்கள்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. முழு ஃபீஸ் கட்டினோம். உண்மையில் பல சின்னக் கல்லூரிகள் டீம் நடத்துவதே ஃபீஸ் கட்டும் பிள்ளைகளை வரவழைக்கத்தான், ஆகவே அப்படிப்பட்ட ஒரு கல்லூரி டீமையே கலைக்கிறது என்றால் உள்ளே நிலைமை ரொம்ப மோசம் என்று அர்த்தம்.

முதல் வருஷம் வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ்ஸில் போனார்கள். இரண்டாம் வருஷம் இரண்டு வேன், ஒன்றைக் கோச்சே ஓட்டினார். துணைக் கோச் நவம்பரில் விலகினார், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மகள் துணி துவைக்கிற அறையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு இமெயில், அவ்வளவுதான். கோச்சுக்கே அன்று காலையில்தான் தெரியுமாம். சனிக்கிழமைக்குள் லாக்கரைக் காலி செய்யச் சொன்னார்கள். 11-ஆம் எண் பனியனை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள், கல்லூரிச் சொத்து என்று திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ஃபோன் பண்ணி இதைச் சொல்லும்போதுதான் அழுதாள், டீம் போனதைச் சொன்னபோது அழவில்லை.

அப்புறம் வேறு கல்லூரி தேடினோம். இரண்டு கோச்சுகள் எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் நர்சிங் படிப்பு, முடித்த பாடங்களில் பாதியை அங்கே ஏற்க மாட்டோம் என்றார்கள், ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கும். அவளே யோசித்துப் படிப்புக்காக அங்கேயே இருந்துவிட்டாள். பத்தொன்பது வயதில் ஆட்டம் முடிந்தது. பன்னிரண்டு பேரில் நாலு பேர்தான் வேறு கல்லூரியில் ஆடினார்கள்.

"படிக்கத்தானே போனாள், பந்து போனால் என்ன" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பந்துக்காக அவள் எதை இழந்தாள் என்பதை இங்கே சொல்லியே ஆகவேண்டும். அவள் ஏழாவது படிக்கும்போது சனிக்கிழமைதோறும் மேட்ச், வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பாதி நாள் போக முடியவில்லை. வருகைப்பதிவு குறைவு என்று ஆண்டுத் தேர்வில் உட்காரவே விடவில்லை. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஒரு மாதம் வராத பிள்ளைக்கு விதிவிலக்கு உண்டு, இவளுக்கு இல்லை. அவள் இன்றைக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை.

சரி, உங்கள் விஷயம். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கோச்சிடம் கேளுங்கள், பிராக்டிஸ் சொந்த ஜிம்மிலா, வாடகை இடத்திலா? துணைக் கோச் எத்தனை பேர், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்? வெளியூருக்கு எதில் போகிறார்கள்? கல்லூரியில் மொத்த மாணவர் எண்ணிக்கை ஐந்து வருஷமாக ஏறுகிறதா, இறங்குகிறதா? அதோடு, பக்கத்தில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம் இந்தப் பாடங்களை ஏற்குமா என்று அங்கேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்களுக்கு "ஏற்பார்கள், கவலைப்படாதீர்கள்" என்று போனில்தான் சொன்னார்கள்.