சாரி சொன்னா விட்டுடறதா?

கேள்வி: ரெஸ்டோரேடிவ் ஜஸ்டிஸ், அதாவது சீரமைப்பு நீதின்னு வெளிநாட்டுல பெருசா பேசுறாங்களே, தப்பு பண்ணவன் வந்து சாரி சொன்னா விட்டுடறது தானே அது? நம்மூரு கட்டப்பஞ்சாயத்துக்கு கோட்டு சூட்டு மாட்டி விட்ட மாதிரி இருக்கே சார்!
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கட்டப்பஞ்சாயத்துல யாருங்க பேசுவா? பஞ்சாயத்து பண்றவர் பேசுவார், பெரிய கை பக்கம் நாலு பேரு பேசுவாங்க, அடிபட்டவன் ஓரமா நின்னு "சரிங்க"ன்னு சொல்லிட்டு கையெழுத்து போட்டுட்டு போவான். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது.

ரெஸ்டோரேடிவ் ஜஸ்டிஸ் எப்படின்னு ஒரு உதாரணம் சொல்றேன். 1974ல கனடாவுல எல்மைரான்னு ஒரு சின்ன ஊரு. ரெண்டு இளவட்டம் குடிச்சிட்டு ஒரே ராத்திரில 22 இடத்துல டயர கிழிச்சி, ஜன்னல உடைச்சி அட்டகாசம் பண்ணிட்டானுங்க. கோர்ட்ல குத்தத்த ஒத்துக்கிட்டானுங்க. அதோட ஃபைல மூடியிருக்கலாம், ஆனா மார்க் யான்ட்சின்னு ஒரு ப்ரொபேஷன் ஆபீசர் (ஜெயிலுக்கு வெளில விட்ட குத்தவாளிகள கண்காணிக்கிறவர்), இவனுங்க அந்த ஜனங்கள நேர்ல பாக்கட்டுமேன்னு கேட்டார், ஜட்ஜும் கடைசில சரின்னுட்டார். அப்புறம் என்ன, வீடு வீடா போய் கதவ தட்டி "நாங்க தான் உடைச்சோம்"னு அவனுங்களே வாயால சொல்லணும், கூட வந்தவங்க நோட்டு புத்தகத்தோட பின்னாடி நின்னுக்கிட்டாங்க. நஷ்டம் எவ்வளவுன்னு கேட்டு, இன்சூரன்ஸ்ல வராதத சில மாசத்துல கட்டியும் முடிச்சானுங்க. வக்கீல் முதுகுக்கு பின்னாடி நின்னு வாயே தொறக்காம ஃபைன கட்டிட்டு போறது இதவிட எவ்வளவோ ஈசி சார்.

இதோட ரூல் ரொம்ப சிம்பிள்: முதல்ல குத்தத்த ஒத்துக்கணும், பாதிக்கப்பட்டவங்க இஷ்டப்பட்டா வரலாம், மன்னிச்சே ஆகணும்னு யாரும் அவங்கள நெருக்கக்கூடாது. நியூசிலாந்து 1989ல இத சட்டமாவே ஆக்கிடுச்சு, சின்ன பசங்க கேஸ்ல குடும்பம், போலீஸ், பாதிக்கப்பட்டவர்னு எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து பேசுறாங்க, கொலை கேஸ் அதுல சேராது.

திட்டியே ஆகணும்னா தென்னாப்பிரிக்காவ திட்டுங்க, நானும் கூட சேர்ந்துக்கறேன். நிறவெறி ஆட்சி காலத்து கொடுமைகள விசாரிக்க பிஷப் டெஸ்மண்ட் டுட்டு தலைமைல உண்மை கமிஷன் போட்டாங்க இல்லயா, அங்க அரசியல் நோக்கத்தோட பண்ணத முழுசா சொன்னா பொதுமன்னிப்பு, நீங்க சொல்ற அந்த சாரி கூட கட்டாயம் இல்ல! குத்தவாளிக்கு அந்த பொதுமன்னிப்பு, குடுத்த உடனே அமலுக்கு வந்துடுச்சு. ஆனா பாதிக்கப்பட்டவங்களுக்கு ஆறு வருஷத்துக்கு வருஷா வருஷம் பணம் குடுக்கணும்னு கமிஷன் சிபாரிசு பண்ணுச்சு, அரசாங்கம் இழுத்தடிச்சு 2003ல அறிவிச்சது ஒரே ஒரு தடவ, தலைக்கு 30,000 ராண்ட் (அந்த நாட்டு பணம்).