டீசல் காருக்கு ரீமேப்: மைலேஜ் உண்மையில் கூடுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2014-ஆம் ஆண்டில் வாங்கிய, 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் கொண்ட மாருதி ஸ்விஃப்ட் டிசையர் உள்ளது. வியாபார வேலையாக அடிக்கடி சேலம் சென்று வருகிறேன். திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரிகளை முந்த முயன்றால் வண்டி இழுக்க மறுக்கிறது. டியூனிங் பாக்ஸ் மாட்டினால் பிக்கப்புடன் மைலேஜும் லிட்டருக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் கூடும் என்கிறார்கள். நம்பிச் செலவு செய்யலாமா?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: பிக்கப் கூடும். மைலேஜைப் பற்றிச் சொல்லப்படுவதை அப்படியே நம்ப வேண்டாம்.

உங்கள் காரில் உள்ளது 1,248 சிசி காமன் ரயில் எஞ்சின். டியூனிங் பாக்ஸ் என்பது, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அனைத்துக்கும் டீசலை அனுப்பும் ‘ரயில்’ என்ற பொதுக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் எஞ்சினின் கணினிக்கும் இடையில் செருகப்படும் ஒரு சிறிய பெட்டி. உண்மையான அழுத்தத்தைக் காட்டிலும் குறைவாக இருப்பதாக அது கணினிக்குப் பொய் சொல்லும். கணினியும் அதை நம்பி அழுத்தத்தை உயர்த்தும். ஒவ்வொரு முறையும் கூடுதலான டீசல் உள்ளே போகும். இழுவை கூடுவதன் ரகசியம் இதுதான். இதிலேயே ஒரு வேடிக்கையும் உண்டு. டேஷ்போர்டில் தெரியும் சராசரி மைலேஜ், தான் எவ்வளவு டீசல் அனுப்பியதாகக் கணினி நினைக்கிறதோ அதை வைத்துப் போடப்படும் கணக்கு. கணினியையே ஏமாற்றிய பிறகு அந்த எண் கூடித்தான் காட்டும். பெட்டி மாட்டியவர்கள் மகிழ்ச்சியோடு காட்டும் மைலேஜில் பெரும்பகுதி இப்படிப் பிறந்ததே.

இன்னொரு வழியான ரீமேப் என்பது கணினியின் மென்பொருளையே மாற்றி எழுதுவது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தம், டீசல் அளவு, டீசல் பாயும் நேரம் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைக்க முடியும் என்பதால், தேர்ந்தவர் கையில் அது பெட்டியைவிட மேலானது. குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைப்பதால் மேல் கியரில் ஓட்ட முடியும். அதனால் சிறிது டீசல் மிச்சமாகலாம். ஆனால் அந்தக் கூடுதல் இழுவையை அனுபவிக்காமல் ஓட்டுபவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். மேலும், பத்தாண்டு பழைய கிளட்ச் கூடுதல் முறுக்குவிசையைத் தாங்காமல் முதலில் வழுக்கத் தொடங்கும் இடமும் நீங்கள் சொல்லும் அதே ஏற்றமாகத்தான் இருக்கும்.

எனவே, செலவு செய்யும் முன் வண்டி புதிதில் இருந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பானட்டைத் திறந்து, டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் ரப்பர் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். கிளாம்ப் உள்ள இடத்தில் ஆயில் ஈரமும், அதன்மேல் அப்பிய புழுதியும் இருந்தால் அங்கே காற்று கசிகிறது என்று பொருள். ஏற்றத்தில் உஸ்ஸென்ற ஓசையும், பின்னால் கறுப்புப் புகையும், மந்தமான இழுவையும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், பல காலமாக மாற்றப்படாத டீசல் ஃபில்டர், காற்றுக் குறைந்த டயர், முழுவதும் விடுபடாமல் உரசும் பிரேக் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: இந்த எஞ்சினில் டர்போ நன்றாக வேலை செய்ய நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுழற்சி வேண்டும். ஏற்றத்தில் அதற்குக் கீழே நான்காவது கியரில் முனகவிடாமல், முந்துவதற்கு முன்பே மூன்றாவதுக்கு இறங்குங்கள். பாதி மனக்குறை அங்கேயே தீரும்.

மைலேஜை அளக்க ஒரே பங்க்கில், ஒரே பம்பில், நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பி, அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பிக் கணக்கிடுங்கள். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்குவதும் அங்கிருந்து ஏறுவதும் ஒன்றல்ல என்பதால், போய்வந்த பயணத்தை முழுதாகச் சேர்த்தால்தான் எண் உண்மை பேசும். சேலம் போகும்போது கணவாய் இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் விடும் பழக்கம் லாரிகளிடமிருந்து கார்களுக்கும் தொற்றியிருக்கிறது. கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் ஓடுவதற்கே டீசல் வேண்டும். ஆகவே அது ஆபத்து மட்டுமன்று, நஷ்டமும்கூட.

கேள்வி: என் பிஎஸ்-6 டீசல் எஸ்யூவியில் டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. வீட்டுக்கும் சிப்காட்டுக்கும் இடையே மட்டுமே ஓடும் வண்டி. டிபிஎஃபைக் கழற்றி, இஜிஆரையும் அடைத்துவிட்டால் பிக்கப், மைலேஜ் இரண்டும் கூடும் என்கிறார் மெக்கானிக்.
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். டிபிஎஃப் என்பது புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்து, பிறகு ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எரித்துச் சாம்பலாக்கும் வடிகட்டி. எஞ்சின் சூடேறும் முன்பே அலுவலகம் வந்துவிடும் ஓட்டத்தில் அந்த எரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். விளக்கு எரிந்ததும், வண்டியின் கையேடு சொல்லும் வேகத்தில், கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டிவாருங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் உயர்ந்திருந்தால், பாதியில் நின்ற எரிப்புகளால் டீசல் ஆயிலில் கலந்திருக்கக்கூடும். உடனே ஆயிலை மாற்றுங்கள், அதுவும் டிபிஎஃப் வண்டிகளுக்கான குறைந்த சாம்பல் வகையாகப் பார்த்து.

இஜிஆர், வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி எரிப்பின் வெப்பத்தைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கட்டுப்படுத்துகிறது. அதை அடைத்த வண்டியும் புகைச் சோதனையில் தேறிவிடலாம். ஏனெனில் டீசல் வண்டிகளுக்கான அந்தச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது, கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுவைப் பார்ப்பதில்லை. சட்டப்படியும், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு இடம் தருகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதைக் காரணம் காட்டவும் வாய்ப்புண்டு.

கேள்வி: டீசல் குழாயில் காந்தம், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் தயாரிக்கும் கிட் – எது நல்லது?
– ஒரு வாசகர், அரூர்

பதில்: இரண்டும் வேண்டாம். டீசலைக் காந்தம் எதுவும் செய்யாது. ஹைட்ரஜன் கிட்டுக்கான மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது; ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது உங்கள் டீசல்தான், திரும்பக் கிடைப்பதோ அதைவிடக் குறைவு. அந்தப் பணத்தில் வீல் அலைன்மென்ட் பார்த்து, நெடுஞ்சாலையில் 100-க்குப் பதில் 80-இல் ஓட்டுங்கள். 80-இல் இருக்கும் காற்றுத் தடை 100-இல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது.