மறு: சான்றிதழில் ஓல்ட் இங்கிலீஷ் ஃபான்ட், பெயர்களைப் படிக்க முடியவில்லை

ஃபான்ட் மேல் குறை இல்லை நண்பரே. ஆங்கிலப் பெயர்களை முழுக்க கேபிடலில் அடித்திருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். ஓல்ட் இங்கிலீஷ் மாதிரியான பிளாக்லெட்டர் (தடித்த கோடுகள் கொண்ட பழைய ஐரோப்பிய எழுத்துப் பாணி) கேபிடல்கள் வளைவும் இரட்டைக் கோடுமாகச் சொல்லின் தலையில் தனியாக நிற்க வரையப்பட்டவை. முதல் எழுத்தை மட்டும் கேபிடலாக்கினாலே பாதி சரியாகிவிடும்.

கூட்டி வைத்த எழுத்து இடைவெளியையும் எடுத்துவிடுங்கள். 1450களில், ஐரோப்பாவின் ஆரம்பகால அச்சு நூலான கூட்டன்பர்க் பைபிளில் அச்சான டெக்ஸ்சுரா என்ற பிளாக்லெட்டர் வகை முழுக்க நெருக்கமான செங்குத்துக் கோடுகள்தான். கோடுகளுக்கு உள்ளே இருக்கும் வெள்ளையும் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் வரி அழகாக விழும். ஆனால் அதே நெருக்கம் ஐ, எம், என், யு அடுத்தடுத்து வந்தால் காலை வாரிவிடும். 'முனியம்மா' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், வேலிக்கம்பி மாதிரி தெரியும்!

நானாக இருந்தால் தலைப்புக்கு மட்டும் பிளாக்லெட்டர், அதுவும் 36 பாயின்ட்டுக்குக் குறையாமல். பெயருக்குச் சாதாரண செரிஃப் (எழுத்து முனைகளில் சிறு கோடு உள்ள ஃபான்ட்) போதும். நியூயார்க் டைம்ஸ்கூட பத்திரிகைப் பெயரை மட்டும்தான் இதில் போடுகிறது, செய்தியை அல்ல.

எழுத்தைத் தங்க ஃபாயிலில் (பளபளக்கும் மெல்லிய தகடு) அச்சிடுவதென்றால் முதலில் ஒரு தாள் சோதனை அச்சு கேளுங்கள். கோடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளிகள் அடைத்துக்கொள்ளலாம்.