கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏன் வெள்ளை?

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்)

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. பக்கத்து நாட்டைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், "அம்மா, உனக்கு நாட்டுப்பற்றே இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சொந்த நாட்டின் மேல் பெருமையும் பக்கத்து நாட்டோடு நட்பும் ஒரே மனசில் இருக்கக் கூடாதா ஐயா?

பதில்: பையனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. தப்பில் பாதி எங்களைப் போன்ற புவியியல் வாத்தியார்களுடையது. நான் 31 வருடம் அவுட்லைன் மேப் திருத்தியவன். எல்லைக்கோடு நூலளவு நகர்ந்திருந்தாலும் அரை மார்க் போய்விடும். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏன் சார் வெள்ளையா இருக்கு? அங்க மலை, ஆறு எதுவும் கிடையாதா?" என்றாள். அந்தப் படத்தில் ஓர் ஆறு எல்லைக்கோட்டிலேயே பிறந்து நம் பக்கம் ஓடிவந்துகொண்டிருந்தது. "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். அந்தப் பதில் இன்றும் உறுத்துகிறது. அவளுக்குக் கொடுக்காத பதிலை உங்கள் மகனுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

பின்லாந்தின் மிக உயரமான இடம் 1,324 மீட்டர். அது சிகரம்கூட இல்லை, ஹால்தி மலையில் ஒரு சரிவு. சரிவு ஏறி முடிகிற முகடு 1,331 மீட்டரில், நார்வேக்குள் சற்றுத் தள்ளி இருக்கிறது. 2017இல் பின்லாந்து சுதந்திரத்தின் நூறாம் ஆண்டைக் கொண்டாடவிருந்தது. நார்வேயின் நிலவரைபடத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு (எங்கள் இனம்!) ஒரு யோசனை தோன்றியது: எல்லையைக் கொஞ்சம் நகர்த்தி அந்த முகட்டைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டால் என்ன? ஆயிரக்கணக்கான நார்வேக்காரர்கள் ஆதரவு தெரிவித்தார்கள். 2016இல் அன்றைய பிரதமர் எர்னா சோல்பர்க் மறுத்துவிட்டார். நார்வே பிரிக்க முடியாதது, அதன் நிலத்தை யாருக்கும் கொடுக்க முடியாது என்கிறது அவர்களுடைய அரசியல் சட்டம்.

இதில் யாருக்கு நாட்டுப்பற்று குறைவு? கொடுக்கலாம் என்றவருக்கா, முடியாது என்ற பிரதமருக்கா? என் கணக்கில் இருவருக்கும் குறைவில்லை. தன் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பெருமை உள்ளவனுக்குத்தான் பக்கத்து வீட்டுக்கு ஒரு செடி கொடுக்கலாமே என்று தோன்றும். "மன்னிக்கணும், சட்டத்தில் இடமில்லை" என்று மறுப்பதும் அண்டை வீட்டோடு பழகுகிற முறைதான்.

பரிசு கை மாறாத கதை அது. நிலமே கை மாறிய கதை ஒன்றும் உண்டு, இந்தியா–வங்கதேச எல்லையில். வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகள், ஆக 162. சுற்றிலும் வேற்று நாடு, நடுவில் நம் நாடு. சில திட்டுகளுக்குள் எதிர் நாட்டின் குட்டித் திட்டுகளும் இருந்தன. அதை எந்த மாணவனையும் வரையச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் நாட்டுக்குப் போக வேண்டுமென்றால் அயல்நாட்டைக் கடக்க வேண்டும். பள்ளியோ மின்சாரமோ வாக்குரிமையோ பெரும்பாலும் எட்டவில்லை. 1974இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் இவற்றை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். நடந்தது 41 வருடம் கழித்து. நாட்டின் மண்ணைக் கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும்; மண்ணை விட்டுக்கொடுத்தார் என்ற பேச்சை வாங்கிக்கொள்ள எந்த அரசியல்வாதிக்குத்தான் ஆசை? கடைசியில் 2015 மே மாதம் நூறாவது திருத்தம் எதிர்ப்பு வாக்கே இல்லாமல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜூலை 31 நள்ளிரவில் திட்டுகள் கை மாறின.

உங்கள் மகனுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்தியா கொடுத்தது சுமார் 17,160 ஏக்கர், வாங்கியது சுமார் 7,110 ஏக்கர். கணக்கு வாத்தியார் இதை நஷ்டம் என்பார். அந்த இரவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, காகிதத்தில் மட்டும் இல்லாமல் காலடியிலும் ஒரு நாடு கிடைத்தது. இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று அவனைக் கேளுங்கள். அவன் பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள். மார்க் குறைக்க மாட்டேன்.

கேள்வி: நட்புச் சின்னம், ஒப்பந்தம், தலைவர்கள் கைகுலுக்கும் படம், இதெல்லாம் கண்துடைப்புதானே?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். சிலியும் அர்ஜென்டினாவும் எல்லைத் தகராறில் போருக்குக் கிளம்பி, பிரிட்டிஷ் மன்னரின் மத்தியஸ்தத்தை ஏற்று ஓய்ந்தன. 1904இல் ஆண்டிஸ் மலைக் கணவாயில், 3,800 மீட்டர் உயரத்தில், பழைய பீரங்கி வெண்கலத்தை உருக்கி வார்த்த இயேசு சிலையை எல்லையில் நிறுத்தினார்கள். அந்தச் சிலை நின்றுகொண்டிருக்கும்போதே, 1978இல் தெற்குக் கோடியில் பீகிள் கால்வாயில் உள்ள மூன்று தீவுகளுக்காக இரண்டு படைகளும் மறுபடி அணிவகுத்தன. சிலை ஒன்றும் செய்யவில்லை. போப் இரண்டாம் ஜான் பால் நடுவில் வந்தார், 1984இல் உடன்பாடு கையெழுத்தானது.

சிலையைவிட, சுவாரசியமில்லாத அன்றாடக் காரியங்களில்தான் எனக்கு நம்பிக்கை. பிரான்சும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 என்று மூன்று முறை மோதிக்கொண்ட நாடுகள். இன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் கேல் நகரத்துக்கு டிராம் ஓடுகிறது, 2017 முதல். அதைவிட எனக்குப் பொறாமை தருவது, 2006இல் இரு நாட்டுப் பள்ளிகளுக்கும் சேர்த்து அவர்கள் வெளியிட்ட வரலாற்றுப் பாடநூல். ஒரே பள்ளியில் இரண்டு வாத்தியார்கள் சேர்ந்து ஒரு கேள்வித்தாள் தயாரித்தாலே ஸ்டாஃப் ரூமில் பேச்சுவார்த்தை நின்றுபோகும். யார் முதலில் சுட்டது என்பதை இரண்டு நாட்டு வாத்தியார்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்!

கேள்வி: இந்தியா–பாகிஸ்தான் எல்லையில் நடக்கும் வாகா–அட்டாரி கொடியிறக்கத்தில் வீரர்கள் காலைத் தலைக்கு மேல் தூக்கி மிதிப்பது பெருமையா, பகையா?

பதில்: 1959இல் தொடங்கிய வழக்கம் அது. கூட்டம் காலைப் பார்க்கும், நான் கொடியைப் பார்ப்பேன். இரண்டு கொடிகளும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் இறங்கும். ஒன்று மற்றொன்றைவிடத் தாழ்ந்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்து வீரர் எந்த நொடியில் கயிற்றை இழுப்பார் என்று அந்தப் பக்கத்து வீரருக்குத் தெரிந்தால்தான் அது நடக்கும். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியத் தரப்பு வழக்கமான கைகுலுக்கலை நிறுத்தியது, எல்லைக் கதவையும் திறக்கவில்லை.

கேள்வி: உலகத்தில் நீங்கள் பார்க்க ஆசைப்படும் எல்லை எது?

பதில்: பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லையில் ஓடும் பிடசோவா ஆற்றின் நடுவில் உள்ள ஃபெசன்ட் தீவு. 1659இல் பிரான்சும் ஸ்பெயினும் சமாதானம் பேசிய இடம். பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை அது ஸ்பெயின். ஆகஸ்ட் 1 விடிந்தால் பிரான்ஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. அவுட்லைன் மேப்பில் அதற்கு என்ன வண்ணம் அடிக்கச் சொல்வது என்று ஓய்வுபெற்ற பிறகும் யோசிக்கிறேன். பொதுமக்கள் நினைத்தபோது அதில் காலடி வைக்க முடியாது. கரையில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.