சுவிட்சில் ஒட்டிய டேப்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் இருக்கிறோம். ஒரு வருடமாக இரண்டு கொக்கட்டீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி) வளர்க்கிறேன். கூட்டில் அடைக்க மனமில்லாமல் காலை முதல் இரவு வரை ஹோலில் பறக்க விட்டிருக்கிறேன். இரண்டும் சீலிங் ஃபேன் தகட்டில் ஏறி உட்கார்ந்தால் இறங்குவதே இல்லை. தும்புத்தடியால்தான் கலைக்க வேண்டியிருக்கிறது. மாமி மறந்துபோய் ஃபேனைப் போட்டுவிடுவார் என்று சுவிட்சில் டேப் ஒட்டியிருக்கிறேன். கணவர் சிறகை வெட்டிவிடச் சொல்கிறார். கூப்பிட்டதும் கைக்கு வரப் பழக்குவது எப்படி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கைக்கு வரப் பழக்குவதைப் பிறகு பார்ப்போம். டேப்பைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். என்னால் அதைக் கடக்க முடியவில்லை.

மாமிக்கு என்ன வயது, பகலில் எங்கே இருக்கிறார், வெக்கைக்கு என்ன செய்கிறார் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. சித்திரை மாத மத்தியானம் கொழும்பில் காற்றில்லாத ஹோலில் இருந்து பாருங்கள், தெரியும். பறவைகளைக் கொண்டுவந்தவர் நீங்கள். அவற்றைக் காக்கும் பொறுப்பை மாமியின் ஞாபகத்தின் மேல் போட்டீர்கள். அவர் மறப்பார் என்று நீங்களே முடிவு செய்து, சுவிட்சையும் அடைத்துவிட்டீர்கள். வீட்டில் மூத்தவர் காற்று வாங்க மருமகளின் உத்தரவுக்குக் காத்திருக்கக் கூடாது. இன்றைக்கே இரண்டு பறவைகளையும் கூட்டில் விடுங்கள், டேப்பை உரியுங்கள், மாமியிடம் மன்னிப்புக் கேளுங்கள். அந்த ஃபேனைக் கழற்றும் வரை ஹோலில் பறப்பது கிடையாது.

உங்கள் கேள்விக்கான காரணமும் அந்த டேப்தான். கொக்கட்டீல் எப்போதும் அறையின் மிக உயரமான இடத்தைத் தேடும். கீழே நடப்பதெல்லாம் தெரிந்தால்தான் அதற்கு நிம்மதி. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் ஃபேன் தகட்டை விட உயரமான, பத்திரமான கிளை உங்கள் ஹோலில் வேறில்லை. அதை நீங்களே அவற்றுக்குக் கொடுத்துவிட்டீர்கள். தும்புத்தடியோடு துரத்தத் துரத்த, 'ஆபத்து கீழே, தப்பிக்கும் இடம் மேலே' என்ற பாடமும் பதிந்துவிட்டது. இப்படிப் பழகிய பறவை, ஃபேன் சுழலும் நாளிலும் பழைய இடத்தை நோக்கித்தான் பறக்கும். சுமார் 90 கிராம் உடம்பு அது. ரெகுலேட்டரில் ஆகக் குறைந்த வேகத்தில் வைத்தாலும் தகடு பட்டால் சிறகெலும்பு முறியலாம். சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுழலும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஃபேனைக் கழற்றி, வயர் முனைகளை மூடச் சொல்லுங்கள். பதிலுக்குச் சுவரில் இரண்டு ஃபேன் பூட்டுங்கள். முதலாவது மாமியின் கதிரைக்கு நேரே. முன்னும் பின்னும் கம்பிக்கூண்டு உள்ளதாகப் பார்த்து, குழந்தைகள் உள்ள வீடுகளில் போடும் வலை உறையையும் மாட்டினால் விரலோ வாலோ உள்ளே போகாது. அதன் பிறகு மாமி எந்த நேரமும் சுவிட்சைப் போடலாம். செலவு உங்களுடையது.

ஃபேன் போன இடத்துக்குப் பதில் உயரமான இடம் கொடுக்காவிட்டால் திரைச்சீலைக் கம்பிக்கும் அலுமாரிக்கும் போகும். யன்னலுக்கு எதிர்ச் சுவரில், உங்கள் தலைக்குச் சற்று மேலே, கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இரண்டு கொய்யாக் கிளைகளைப் பூட்டுங்கள். மருந்தடிக்காத மரம், கழுவிக் காயவைத்த கிளை, கனம் ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர். ஒரே சீரான உருண்டைத் தடி வேண்டாம், பாதம் புண்ணாகும்.

அடுத்தது நேரம். காலை முதல் இரவு வரை பறக்க விட்டதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் பார்க்காத நேரத்தில் திறந்த வாளித் தண்ணீர், குசினி அடுப்பு, கதவிடுக்கு எல்லாம் அவற்றுக்கு ஆபத்து. காலை ஆறரை முதல் எட்டு, மாலை நாலரை முதல் ஆறு போதும். அந்த நேரம் நீங்கள் ஹோலில் இருக்க வேண்டும், குசினியில் அல்ல. மற்ற நேரத்துக்கு 90 சென்ரிமீற்றர் நீளமாவது உள்ள கூடு வேண்டும். கம்பி இடைவெளி இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருக்கட்டும். இரவில் மங்கலான ஒரு விளக்கு எரியட்டும். கும்மிருட்டில் சின்னச் சத்தத்துக்கும் மிரண்டு கூட்டுக்குள் அடித்துக்கொண்டு காயப்படுவது இந்த இனத்தில் அடிக்கடி நடக்கும்.

பழக்குவது அதன் பிறகுதான் சாத்தியம். சாப்பாட்டுக்கு முன் வெளியே விடுங்கள், சாப்பிட்ட பறவை எதற்காக வர வேண்டும்? தினைக் கதிரைக் கூட்டுக் கிண்ணத்தில் போடுவதை நிறுத்துங்கள். அது உங்கள் கையில் மட்டுமே கிடைக்க வேண்டும். முதலில் ஒரு சாண் தூரத்தில் கையை நீட்டி, எப்போதும் ஒரே மாதிரி விசிலடியுங்கள். கையில் ஏறினால் நாலு கொத்துக் கொத்தட்டும். பத்துக்கு எட்டுத் தடவை வந்தால் ஒரு மீற்றர், பிறகு அறையின் மறுபக்கம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பட்டினி போடக் கூடாது, தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தினமும் காலையில் குசினித் தராசில் நிறுங்கள். 100 கிராம் பறவை 90க்கு இறங்கினால் பழக்குவதை விட்டு மிருக வைத்தியரிடம் போங்கள். கூட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் உள்ளே நல்ல சாப்பாடு காத்திருக்க வேண்டும். பிடித்து அடைத்தால் அடுத்த நாள் கைக்கு வராது. வரவே மறுத்தால் திரையை இழுத்து விளக்கை அணையுங்கள். இருட்டில் பறக்கத் தயங்கும், மெல்லக் கையில் ஏற்றலாம். தும்புத்தடி கூட்டுவதற்கு மட்டும்.

கணவர் சொல்லும் சிறகு வெட்டு வேண்டாம். வெட்டிய பறவை பறக்கப் பார்த்துத் தரையில் விழுந்து நெஞ்சை அடித்துக்கொள்ளும். சில மாதத்தில் இறகு உதிர்ந்து முளைக்கும்போது, இனிப் பறக்காது என்று நம்பித் திறந்து வைத்த யன்னலால் போய்விடும். கொழும்புக் காகங்கள் அதை விட்டுவைக்காது. யன்னலுக்கும் பல்கனிக்கும் ஸ்டெயின்லெஸ் வலை அடியுங்கள். நைலோன் நுளம்பு வலையைக் கடித்துத் துளைத்துவிடும். நாகம் (சிங்க் உலோகம்) பூசிய மலிவுக் கம்பியைக் கடித்தால் அந்த உலோகம் உடம்பில் ஏறி நஞ்சாகும்.

புகையும் கவனிக்க வேண்டும். நொன்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி நிமிடக்கணக்கில் பறவையைக் கொல்லும்; வீட்டில் இரும்புத் தோசைக்கல்லே இருக்கட்டும். நுளம்புச்சுருள் அவை இருக்கும் அறையில் கூடாது. மாமி வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறவரானால் அவரைத் தடுக்காதீர்கள். முன்கூட்டியே கூட்டை வேறு அறைக்குத் தூக்கி, கதவைச் சாத்தி, மணம் போகும் வரை வைத்திருப்பது உங்கள் வேலை.

கடைசியாக ஒன்று. கொக்கட்டீல் இறகிலிருந்து வெள்ளை மா போன்ற தூசி கொட்டிக்கொண்டே இருக்கும். இத்தனை மாதம் அந்த ஃபேன் தகட்டில் படிந்திருப்பது அதுதான். கழற்றும் முன் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், மாமி அப்போது ஹோலில் இருக்க வேண்டாம். இனித் தரையையும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். பறவைகளுக்குக் கிழமையில் மூன்று நாள் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டுங்கள். மாமிக்கு இருமலோ மூச்சு வாங்குவதோ இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். இருந்தால் நீங்களே வைத்தியரிடம் கூட்டிப்போய், வீட்டில் இரண்டு பறவைகள் ஒரு வருடமாகப் பறக்கின்றன என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.