ஃபிராக்டல் ஆன்டெனா அதிகமாகக் கதிர்வீசுமா?

தர்மபுரியிலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: கம்பியை ஃபிராக்டல் வடிவில் (ஒரே உருவம் சிறிது சிறிதாகத் தனக்குள்ளேயே திரும்பத் திரும்ப வரும் வடிவம்) மடித்தால் கதிர்வீச்சு கூடுமா, வீட்டு எஃப்எம் ரேடியோவுக்கு அப்படி ஒன்று செய்யலாமா என்று.

கதிர்வீச்சு அதிகமாகாது. ஆன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. நாம் கொடுப்பதில் கொஞ்சத்தைச் சூடாக இழந்துவிட்டு மீதியைத்தான் மின்காந்த அலையாக வெளியே விடும். வடிவம் தீர்மானிப்பது எந்த அதிர்வெண்ணில், எந்தத் திசையில் என்பதைத்தான்.

தர்மபுரி வானொலி 102.5 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 2.9 மீட்டர், ஆக அரை அலை டைபோலுக்கு (நடுவில் இணைப்பு கொடுத்த, ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு நேர்க்கம்பிகள்)க் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் வேண்டும். இதைச் சுருக்கத்தான் கோக் வளைவு என்ற ஃபிராக்டல்: நேர்க்கம்பியை மூன்றாகப் பிரித்து, நடுத்துண்டுக்குப் பதில் அதே அளவில் இரண்டு துண்டுகளைக் கூரைபோல் வைத்தால் நீளம் 4/3 மடங்கு, இதையே ஒவ்வொரு துண்டிலும் தொடர்ந்து மொத்தம் மூன்று சுற்று செய்தால் முனைக்கு முனை தூரம் மாறாமலே 2.37 மடங்கு. ஆனால் ஒத்ததிர்வு அதிர்வெண் (ஆன்டெனா இயல்பாக வேலை செய்யும் அதிர்வெண்) அந்த அளவுக்கு இறங்காது, ஏனென்றால் வளைவுகளில் அருகருகே ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டிவிடும். அப்புறம், ஆன்டெனா சிறிதாகச் சிறிதாக அது வேலை செய்யும் அதிர்வெண் வீச்சும் குறுகும், இதற்கு எல்.ஜே. சூ என்ற ஆய்வாளர் 1948இல் காட்டிய எல்லையை எந்த மடிப்பும் தாண்டாது.

ஃபிராக்டல்களில் சியர்பின்ஸ்கி முக்கோணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே பாதிப் பாதியாகக் குறையும் முக்கோணங்கள் இருப்பதால், ஏறக்குறைய இரட்டிப்பாகும் பல அதிர்வெண்களில் ஒரே தகடு வேலை செய்யும். இடம் நெருக்கடியான கருவிகளுக்கு அது சரி. உங்களுக்கு மொட்டை மாடி இருக்கிறதே, பக்கத்துக்கு 70 சென்டிமீட்டர் வீதம் இரண்டு அலுமினியக் குழாய் போதும்.