லயக் காம்பராவில் பிறந்த கவிதை: டீச்சரிடம் கேள்வி பதில்

இலங்கை மலையகத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்), இல்லாமையில், ‘இந்தியத் தமிழர்’ என்ற பெயரோடு பிறந்ததைப் பற்றிய கவிதைகள் குறித்துக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு முடிந்தவரை பதில் தருகிறேன்.

பண்டாரவளையிலிருந்து: டீச்சர், எங்கள் கஷ்டத்தை எழுதினால் எல்லாம் ஒரே மாதிரி வருகிறது. எங்கே தொடங்குவது?

உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுங்கள், தங்கச்சி. தகப்பனின் இனம் என்ற இடத்தைப் பாருங்கள். என்னுடையதில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருக்கிறது. என் அப்பா பிறந்தது மஸ்கெலியாவில், தாத்தாவும் அங்கேதான். இரண்டு பேரும் கடலைக்கூடக் கண்டதில்லை. அந்த இரண்டு சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

பிறகு இந்தப் பழைய பாட்டைச் சத்தமாகப் பாடிப் பாருங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு சொல் மாறும்.

கோணக் கோண மலையேறி
கோப்பிப் பழம் பறிக்கையிலே
ஒரு பழம் தப்பிச்சுன்னு
உதைச்சானய்யா சின்னத்தொரை

சின்னத்தொரை என்றால் தோட்டத்தின் உதவி மேலாளர். துன்பம், கண்ணீர், ஏழை என்ற சொல் ஒன்றாவது இருக்கிறதா? முதல் அடியில் ஒரு முழு மலை. மூன்றாவது அடியில் ஒரே ஒரு பழம். அந்த ஒன்றுக்குத்தான் உதை. ஏறியதற்கும் பறித்ததற்கும் கணக்கில்லை, தப்பியதற்குக் கணக்கு இருக்கிறது. கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் வந்தது, அதன் பின்னால்தான் தேயிலை மலைகளை மூடியது. பாட்டில் இருப்பது அதற்கு முந்திய காலம். கொழுந்து பறித்த என் அம்மாயியும் இதைக் கோப்பி என்றேதான் பாடினார். கூடைக் கயிறு அழுத்திய தடம் அவர் நெற்றியில் சாகும்வரை இருந்தது. அதை எழுத எனக்கு நாற்பது வருசம் பிடித்தது.

ஹட்டனிலிருந்து: ‘நீங்கள் குடிக்கும் தேநீரில் எங்கள் இரத்தம்’ என்று முடித்திருக்கிறேன். சரியா?

வேண்டாம் தம்பி. அந்த வரி தேய்ந்து போய்விட்டது. உங்கள் அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் ஒட்டிய கறை என்ன நிறம் என்று எழுதுங்கள்.

மாத்தளையிலிருந்து: ஏழைகள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். இதில் இனத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

ஏழைச் சிங்கள விவசாயியின் வாக்கை யாரும் பறிக்கவில்லை, ஐயா. நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு 1948இல் பிரஜாவுரிமை போனது, அடுத்த வருசம் வாக்கும் போனது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் நம்மைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. கூலி குறைவு என்பதற்காக ஒருவரையும் கப்பலேற்றவில்லை.

மறுபடி மாத்தளை: ஆள் சேர்த்துக் கடனில் கட்டிப் போட்ட கங்காணி தமிழன்தானே? கண்டிச் சிங்களவரின் காணியையும்தானே வெள்ளைக்காரன் எடுத்தான்?

இரண்டும் உண்மை. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிராமத்தவர் காடும் சேனைப் பயிர் நிலமும் இழந்தார்கள். கங்காணியின் துண்டுக்கு (கடனை எழுதிய சீட்டுக்கு) ஆள் கைமாறியதும் உண்மை. அதையும் எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் லயத்துப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேட்டது “ஏழையா?” என்றல்ல. “தோட்டக்காட்டானா?” என்று இழிவாகக் கேட்டார்கள். என்னிடம் கேட்டவர் தமிழ் படிப்பித்த ஆசிரியர்.

கொழும்பிலிருந்து: அப்படியென்றால் சாதி?

அதுவும் உண்டு. நம் பாட்டுகளைக் காத்தவர்களில் தப்புப் பறை அடித்தவர்கள் முக்கியமானவர்கள். விடியற்காலைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) எழுப்பியதும் அந்தத் தப்புதான். லயத்தில் அவர்களை எங்கே ஒதுக்கி வைத்தோம் என்பதை நம் கவிதை இன்னும் போதிய அளவு சொல்லவில்லை. இதை இன்னொரு நாள் விரிவாகப் பேசுவேன். இப்போதே மற்றக் கேள்விகள் குவிந்துவிட்டன.

நுவரெலியாவிலிருந்து: ஆங்கிலத்தில் எழுதினால் நம் மக்களுக்குத் துரோகமா?

இல்லை. மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து நெடுங்கவிதையை ஆங்கிலத்தில்தான் எழுதினார், 1954இல் வந்தது. 1947இல் தலவாக்கலைக்கு நாடாளுமன்ற உறுப்பினரானவரும் அவர்தான். நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே.

பதுளை, தலவாக்கலை, இன்னும் இருவர்: என் கவிதையைத் திருத்தித் தருவீர்களா?

இங்கே முடியாது. ஐந்து தடவை சொல்லிவிட்டேன். நீங்கள் அனுப்பிய நான்கில் மூன்றிலும் தேநீர் இரத்தமாகியிருக்கிறது. மேலே ஹட்டன் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: லயத்தில் பிறக்காதவர் எழுதலாமா?

எழுதலாம். முதலில் ஒரு வாரம் வந்து தங்குங்கள்.

இறக்குவானையிலிருந்து: அப்பாயிக்கு நிறையப் பாட்டுத் தெரியும். எப்படிப் பதிவு செய்வது?

இன்றைக்கே செய்யுங்கள், பிள்ளை. போன் போதும். மழைக்குத் தகரம் இரையும், அதனால் வெளிச்ச நேரத்தில் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார வையுங்கள். பாட்டை மட்டும் கேட்காதீர்கள். எந்த மலையில், என்ன வேலையில், யாரோடு நின்று பாடினார் என்று கேளுங்கள். எழுதும்போது ‘தொரை’யைத் ‘துரை’ என்று திருத்தாதீர்கள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். நாலு கொழுந்தைக் கையில் கொடுங்கள், கை அசைய ஆரம்பித்ததும் மிச்ச அடி தானாக வரும்.